கூடம் கோணலா?

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் பாடசாலை அதிபர் ஒருவர் வானொலியிற் பேசத் தகுந்ததுதானா என்று உங்களுட் சிலர் ஐயுறக்கூடும். கைத்தொலைபேசியிலும் கணினியிலும் நம் பிள்ளைகள் தூரதேசத்தவரோடு கூடி ஆடுகின்ற இணைய விளையாட்டுகளில் ஏற்படும் சுணக்கம் எதனால் வருகின்றது என்பதே அப்பொருள். விளையாட்டு நன்றா தீதா என்ற வழக்கை நான் இன்று எடுக்கப் போவதில்லை. 2023ஆம் ஆண்டு சீன தேசத்து ஹாங்சோ நகரில் நடைபெற்ற ஆசிய விளையாட்டு விழாவில் இத்தகைய ஆட்டங்களுக்குப் பதக்கங்கள் வழங்கப்பட்டன என்பதை மட்டும் சொல்லி அப்பாற் செல்கின்றேன்.

திருகோணமலைத் துறைமுகத்தைச் சூழ்ந்த ஊர்களில், மாலை வேளையில், பல வீடுகளிற் கேட்கும் முறையீடு ஒன்று உண்டு. "நான்தான் முதலிற் சுட்டேன், ஆனால் விழுந்தது நான். பிங் ஏறிவிட்டது" என்று பிள்ளை அலறுகின்றான். கேட்டிருக்கும் தந்தையோ, "ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்" என்ற பழமொழியைச் சொல்லி அவன் வாயை அடைத்துவிடுகின்றார். பழமொழி பொய்யன்று. ஆயினும், கூடம் மெய்யாகவே கோணலாயிருக்கும் வேளைகளும் உண்டல்லவா? கோணலை அளக்க அறியாத வீட்டில், ஆடுபவளைப் பழிப்பதும் ஊகமே. கூடத்தைப் பழிப்பதும் ஊகமே.

ஊகத்துக்கு விலையும் உண்டு. இணைப்பின் வேகம் போதாதென்று கருதி, மாதந்தோறும் மேலும் சில ஆயிரம் ரூபாய் கொடுத்துப் பெரிய இணைப்பை வாங்கி, சுணக்கம் முன்போலவே நிற்கக் கண்டு மனம் நொந்த பெற்றோர் பலர். அன்றியும், விளையாட்டில் வருகின்ற இதே சுணக்கந்தான் 2020ஆம் ஆண்டு பாடசாலைகள் மூடப்பட்டபோது இணையவழி வகுப்பிலும் வந்தது. இன்று இணையவழி நேர்முகத் தேர்விலும் வருகின்றது. ஆகையால், விளையாட்டை வெறுப்பவரும் இதன் காரணங்களை அறிந்துகொள்வது நன்று.

முதலில் ஆட்டம் நடக்கும் முறையைக் காண்போம். ஒரே களத்தில் ஆடும் நூறு பிள்ளைகள் நூறு ஊர்களில் இருக்கின்றார்கள். அவர்களுக்கு நடுவராக, எங்கோ ஒரு நகரத்தில், சேவையகம் என்னும் பெருங்கணினி இருக்கின்றது. பிள்ளை விரலால் அழுத்திய செய்தி சிறு பொதியாகக் கட்டப்பட்டு அந்நடுவரிடம் போகின்றது, நடுவர் தீர்ப்புரைக்கின்றார், தீர்ப்பு மற்றொரு பொதியாகத் திரும்பி வருகின்றது. இந்தப் போக்கும் வரவும் எடுக்கும் காலத்தைத்தான் பிள்ளைகள் 'பிங்' என்கின்றார்கள். அதனை மில்லிசெக்கனில், அதாவது ஒரு செக்கனின் ஆயிரத்திலொரு பங்கில், அளப்பது வழக்கம்.

'பிங்' என்னும் இச்சொல் கடலிற் பிறந்த சொல்லாகும். போர்க்கப்பல்கள் நீருக்குள் ஒலியை அனுப்பி, அது நீர்மூழ்கியில் மோதித் திரும்பும் எதிரொலியைக் கேட்டுத் தூரத்தைக் கணிப்பதுண்டு. அக்கருவி எழுப்பும் ஓசையே 'பிங்'. 1957ஆம் ஆண்டுவரை பிரித்தானியக் கடற்படையின் தளமாயிருந்த நமது துறைமுகத்தில் அக்கருவி பூண்ட கப்பல்கள் எத்தனையோ நங்கூரமிட்டிருந்தன. ஒலி கடல்நீரில் ஒரு செக்கனுக்கு ஏறத்தாழ 1,500 மீற்றர் செல்லும். ஆகவே எதிரொலி ஒரு செக்கனில் வருமாயின், எதிரிலுள்ள பொருள் 750 மீற்றர் தூரத்தில் உள்ளது. 1983ஆம் ஆண்டு டிசெம்பரில், அமெரிக்க இராணுவ ஆய்வுகூடம் ஒன்றிற் பணிபுரிந்த மைக் மூஸ் என்பவர், கணினி வலையில் இதே வேலையைச் செய்யும் சிறு நிரல் ஒன்றை எழுதினார். கடலோசையை நினைந்து அதற்குப் 'பிங்' என்றே பெயரிட்டார். தூரத்தே ஒரு கணினியைக் கூவி அழைத்து, அதன் மறுகுரல் எத்தனை மில்லிசெக்கனில் வருகின்றதென்று அறிவதே அந்நிரலின் தொழில்.

இனிக் காரணங்களுக்கு வருவோம். அவற்றுள் முதலாவது தூரம்.

இணையச் செய்தி கண்ணாடி நாருக்குள் ஒளியாகச் செல்கின்றது. வெட்டவெளியில் ஒளி செக்கனுக்கு ஏறத்தாழ மூன்று இலட்சம் கிலோமீற்றர் செல்லும். கண்ணாடிக்குள் அது ஏறத்தாழ இரண்டு இலட்சமாகக் குறைகின்றது. போய் வருகின்ற பயணமாகையால், நூறு கிலோமீற்றருக்கு ஒரு மில்லிசெக்கன் என்று கணக்கிட்டுக்கொள்ளலாம். திருகோணமலையிலிருந்து மும்பாய் நேர்கோட்டில் ஏறத்தாழ 1,500 கிலோமீற்றர். சிங்கப்பூர் ஏறத்தாழ 2,600 கிலோமீற்றர். ஜேர்மனியின் பிராங்க்போட் நகரம் ஏறத்தாழ 8,000 கிலோமீற்றர். எனவே, நேர்வழியே நார் கிடந்தாலும், மும்பாய்க்குப் 15 மில்லிசெக்கன், சிங்கப்பூருக்கு 26, பிராங்க்போட்டுக்கு 80 என்பவை இயற்கை வகுத்த எல்லைகள். எத்துணைப் பொருள் கொடுத்தாலும் இவ்வெல்லைக்குக் கீழே எவரும் செல்ல இயலாது. ஆடும் பிள்ளை, தான் சேரும் களம் எந்த நகரத்துக்குரியது என்று பார்த்துத் தெரிந்துகொள்வது இதனாலேயே முக்கியம். ஐரோப்பியக் களத்திற் சேர்ந்துகொண்டு, பிங் ஏறிற்றென்று வீட்டாரை நோவது பயனற்றது.

இரண்டாவது காரணம் வழி. தூரம் வேறு, வழி வேறு. கொட்டியாரக் குடாவின் இக்கரையில் நின்று பார்த்தால் மூதூர் கண்ணுக்குத் தெரிகின்றது. ஆனால் வீதியாற் செல்பவர் குடாவைச் சுற்றிக் கிண்ணியா வழியே செல்லவேண்டும். பொதியின் செலவும் அத்தகையதே. சிங்கப்பூரையும் பிரான்சையும் இணைக்கும் கடலடி வடங்களில், சீ-மீ-வீ 4 என்பது 2005ஆம் ஆண்டில் நிறைவுற்றுக் கொழும்பிற் கரையேறியது. சீ-மீ-வீ 5 என்பது 2016ஆம் ஆண்டில் நிறைவுற்று மாத்தறையிற் கரையேறியது. 2006ஆம் ஆண்டில் அமைந்த பாரத-லங்கா வடம் தூத்துக்குடியையும் கல்கிசையையும் இணைத்தது. இவையெல்லாம் மேற்கிலும் தெற்கிலும் கரைசேர்ந்தவை. கீழ்க்கடலில் உலகம் புகழும் இயற்கைத் துறைமுகத்தை வைத்திருக்கும் நாம், கிழக்கேயுள்ள சிங்கப்பூருக்குச் செய்தி அனுப்ப, முதலில் அதனை மேற்கே கொழும்புப் பக்கம் அனுப்பியே ஆகவேண்டும்.

இதனைக் கேட்டவுடன், 'ஆம், நாம் தலைநகருக்குத் தொலைவிலுள்ளோம்; ஆகவேதான் நம் பிள்ளைகளுக்குச் சுணக்கம்' என்று பலர் முடிவு கட்டிவிடுவர். நேயர்களே, கணக்கைப் பாருங்கள். திருகோணமலையிலிருந்து கொழும்பு வீதிவழியே ஏறத்தாழ 260 கிலோமீற்றர். நூறு கிலோமீற்றருக்கு ஒரு மில்லிசெக்கன் என்ற நம் கணக்கின்படி, போய்வர மூன்று மில்லிசெக்கனுக்கும் குறைவே. கண்ணிமைக்கும் பொழுதில் ஏறத்தாழ நூறிலொரு பங்கு அது. கொழும்பிலிருந்து ஆடும் பிள்ளைக்கும் உப்புவெளியிலிருந்து ஆடும் பிள்ளைக்கும் நிலத்தின் தூரம் செய்த வேற்றுமை இவ்வளவே. அவனுக்கு 50 மில்லிசெக்கன், இவனுக்கு 150 மில்லிசெக்கன் என்று இருக்குமாயின், நடுவிலுள்ள நூறில் மூன்றை நிலவியலுக்கு ஈந்துவிட்டு, எஞ்சிய தொண்ணூற்றேழுக்கு வேறு காரணம் தேடவேண்டும். இதுவே இன்றைய பேச்சின் நடுக்கருத்து.

வழி கோணுவதற்கு நிறுவனங்களின் உடன்பாடுகளும் காரணமாகும். ஒரு நிறுவனத்துக்கு மும்பாயோடு நேரான உடன்பாடு இல்லையாயின், மும்பாய்க்குப் போகவேண்டிய பொதி சிங்கப்பூருக்குப் போய் அங்கிருந்து மும்பாய்க்குத் திரும்புவதும் நிகழக்கூடும். அப்போது 1,500 கிலோமீற்றர் வழி 6,500 கிலோமீற்றராகின்றது. 15 மில்லிசெக்கன் 65 ஆகின்றது. வடம் அறுந்தாலும் இவ்வாறே. 2025ஆம் ஆண்டு செப்ரெம்பரில், செங்கடலில் ஜித்தா நகருக்கு அண்மையில், சீ-மீ-வீ 4 உட்படச் சில வடங்கள் பழுதுற்றன. இணையம் முற்றாக நின்றுவிடவில்லை. பொதிகள் வேறு வழியாற் சுற்றிச் சென்றன. அதனால் ஆசியாவுக்கும் ஐரோப்பாவுக்கும் இடையே சுணக்கம் கூடியது. அந்நாட்களில் ஐரோப்பியக் களத்தில் ஆடித் தோற்ற பிள்ளை, தன் தோல்விக்குச் செங்கடலைக் காரணங்காட்டியிருந்தாலும் அது முற்றிலும் பொய்யாகாது.

மூன்றாவது காரணம் வரிசை. பொதுமக்கள் பெரிதும் மயங்குவது இதிலேதான்.

கிண்ணியாவுக்கு 2009ஆம் ஆண்டு ஒக்ரோபரில் 396 மீற்றர் நீளமான பாலம் திறக்கப்பட்டது. அதற்கு முன் வாகனங்கள் மிதவைப் பாதையில் ஏறியே நீரைக் கடந்தன. கடக்கும் நேரம் சொற்பந்தான். ஆனால் முன்னால் நிற்கும் வாகனங்கள் யாவும் ஏறிக் கடந்து, பாதை திரும்பி வரும்வரை கரையிற் காத்துநின்ற நேரமே பெரிது. நீரின் அகலம் காலையிலும் மாலையிலும் ஒன்றே. வரிசையின் நீளமே வேறு. வீட்டிலுள்ள ரவுட்டர் என்னும் கருவியும் இத்தகைய துறையே. அக்காள் நீண்ட வீடியோ ஒன்றை அனுப்புகின்றாள். அப்பாவின் தொலைபேசி அன்று எடுத்த படங்களையெல்லாம் தானாகவே சேமிப்புக்கு அனுப்புகின்றது. அந்தப் பெரும் பொதிக் கூட்டத்தின் பின்னால், தம்பியின் ஒரு சிறு பொதி, சுட்டேன் என்ற ஒரே சொல்லைச் சுமந்துகொண்டு, காத்து நிற்கின்றது. இக்காத்திருப்புச் சில வேளை நூற்றுக்கணக்கான மில்லிசெக்கனாகப் பெருகும். ரவுட்டர்களில் அளவுக்கு மீறிய பெரிய காத்திருப்பு இடம் வைத்ததாலேயே இத்தீமை வளர்ந்ததென்பதை, அமெரிக்கப் பொறியியலாளர் ஜிம் கெற்றிஸ் 2010ஆம் ஆண்டளவில் எடுத்துக்காட்டினார்.

வீட்டுக்கு வெளியேயும் வரிசை உண்டு. இரவு எட்டு மணிக்கு ஊரெல்லாம் நாடகமும் படமும் பார்க்கும் வேளையில், ஒரே கோபுரத்தையும் ஒரே வடத்தையும் ஆயிரம்பேர் பங்கிடுகின்றார்கள். அதிகாலையில் ஓடிய பொதி அவ்வேளையில் ஊர்ந்து செல்கின்றது.

இவ்விடத்தில் 'வேகம்' என்ற சொல்லைப் பற்றிச் சிறிது கூறுதல் வேண்டும். விளம்பரங்களிற் காணும் செக்கனுக்கு இத்தனை மெகாபிற் என்பது, ஒரே நேரத்தில் எவ்வளவு சுமை செல்லலாம் என்பதன் அளவேயன்றி, ஒரு பொதி எவ்வளவு விரைவிற் போய்ச்சேரும் என்பதன் அளவன்று. கொழும்பிலிருந்து திருகோணமலைக்கு வரும் இரவுப் புகையிரதத்தில் மேலும் ஐந்து பெட்டிகளைக் கோத்தால், கூடுதலானவர்கள் வரலாம். ஆனால் ஒருவரும் ஐந்து நிமிடம் முந்தி வந்துசேரார். விளையாட்டுப் பொதிகளோ மிகச் சிறியவை. ஒரு மணித்தியால ஆட்டம் உண்ணும் தரவு, தெளிவான திரைப்படம் ஒன்றின் சில நிமிடத் துண்டு உண்பதிலும் பல வேளைகளிற் குறைவே. ஆகவே வீட்டில் வரிசை இல்லாதபோது இணைப்பைப் பெரிதாக்குவதாற் பயனில்லை. வரிசை உண்டாயின் பயனுண்டு. அப்போதும், ஆடும் அரைமணி நேரத்துக்கு மற்றையோர் பெருஞ்சுமைகளை நிறுத்திவைப்பது காசில்லாத மருந்து. வரிசையை ஒழுங்கு செய்து சிறு பொதிகளை முன்னே விடும் ஏற்பாடும் சில ரவுட்டர்களில் உண்டு.

நான்காவது காரணம் காற்று. கண்ணாடி நாரில் ஆயிரக்கணக்கான கிலோமீற்றரைத் தடையின்றிக் கடந்து வந்த செய்தி, வீட்டுக்குள் வந்து கடைசிப் பத்து மீற்றரில் இடறி விழுகின்றது. கம்பியில்லா வைஃபை அலைக்குச் சுவர் தடை, நீர்த்தொட்டி தடை, அயல்வீட்டாரின் வைஃபையும் அதே அலைவரிசையிற் பேசுவதால் அதுவும் தடை. நுண்ணலை அடுப்பு ஓடும்போதும் அதற்கு இடையூறு உண்டு. கைத்தொலைபேசிக் கோபுரத்துக்குத் தொலைவில் உள்ளவர்களுக்கோ, அலை மெலிந்து பொதிகள் சிதைகின்றன. சிதைந்தவற்றை மீண்டும் அனுப்ப வேண்டியிருக்கின்றது. இதன் விளைவு இருவகை. ஒன்று, பொதி தொலைதல்: திரையில் ஓடும் வீரன் திடீரென நின்று, பின்னர் பத்தடி தள்ளித் தோன்றுவான். மற்றொன்று, சுணக்கம் ஒரு நிலையில் நில்லாது ஏறி இறங்குதல்: இப்போது 30, அடுத்த கணம் 200, மீண்டும் 40. இப்படி ஏறி இறங்குவது, என்றும் ஒரே சீராக 80 இருப்பதைவிடக் கொடியது. தாளம் விளம்ப காலத்திற் போனாலும், பிசகாமற் போகுமாயின் பாடகர் அதனோடு ஒத்துப் பாடிவிடுவார். பிசகும் தாளத்தோடு பாட வல்லவர் எவருமிலர். இயலுமாயின் ரவுட்டரிலிருந்து கணினிக்குக் கம்பி இழுத்துவிடுவது இந்நோய்க்குச் சிறந்த பரிகாரம். அது இயலாதவர் கருவிக்கு அண்மையில், இடையிற் சுவரின்றி, அமர்ந்து ஆடலாம்.

ஐந்தாவது காரணம் இயந்திரங்கள். சேவையகம் இடைவிடாது பார்த்துக்கொண்டிருப்பதில்லை. செக்கனுக்கு இத்தனை தடவை என்று கணக்கு வைத்துக் களத்தைப் பார்க்கின்றது. ஆட்டத்துக்கு ஆட்டம் அது ஏறத்தாழ 20 தடவை முதல் 128 தடவை வரை வேறுபடும். இருபது தடவை பார்க்கும் நடுவருக்கு ஒரு பார்வைக்கும் மறு பார்வைக்கும் நடுவே 50 மில்லிசெக்கன் இருண்ட காலம். பிள்ளையின் கையிலுள்ள தொலைபேசியும் பழையதாயின், அல்லது நெடுநேரம் ஆடிச் சூடேறியதாயின், படத்தைத் தீட்டவே அது தடுமாறும். அப்போது பிங் நன்றாயிருந்தும் ஆட்டம் திக்கித் திக்கி நடக்கும். இதனை இணைய நிறுவனத்தின் தலையிற் சுமத்துவது நீதியன்று.

பிள்ளைகள் கூறும் மற்றொரு முறையீட்டுக்கும் இங்கு விடை கூறலாம். "சுவருக்குப் பின்னால் ஒளிந்த பிறகும் என்னைச் சுட்டுவிட்டான்" என்பார்கள். பார்ப்பவருக்கு அது பொய்யாகத் தோன்றும். ஆனால் உண்மையாக நிகழ்வதே. சுணக்கத்தை மறைக்க ஆட்டம் செய்வோர் இரண்டு உபாயங்களைக் கையாளுகின்றார்கள். நடுவரின் தீர்ப்புக்குக் காத்திராமல், பிள்ளையின் கருவியே முன்கூட்டி ஊகித்துப் படத்தைக் காட்டுவது ஒன்று. ஜோன் கார்மாக் 1996ஆம் ஆண்டில் வெளியிட்ட குவேக்வேர்ல்ட் ஆட்டத்தால் இம்முறை புகழ்பெற்றது. சுட்டவன் சுடும் கணத்தில் தன் திரையில் எதைக் கண்டான் என்று சேவையகம் காலத்தைச் சற்றுப் பின்னோக்கி உருட்டிப் பார்த்துத் தீர்ப்புரைப்பது மற்றொன்று. ஹாஃப்-லைஃப் ஆட்டத்தை ஆக்கிய வால்வ் நிறுவனத்து யான் பேர்னியர் 2001ஆம் ஆண்டில் இதனை விரிவாக விளக்கினார். சுட்டவனுடைய திரையில் நம் பிள்ளை இன்னும் வெளியே நிற்கின்றான். நம் பிள்ளையின் திரையிலோ அவன் ஏற்கெனவே ஒளிந்துவிட்டான். இரண்டு திரைகளும் தத்தமக்கு உண்மையே. நடுவர் ஒருவர் பக்கம் தீர்ப்புக் கூறியாகவேண்டும்; கூறுகின்றார்.

நிலத்து வடம் எட்டாத ஊர்களுக்கு வானத்துச் செய்மதியே வழி என்று சொல்வதுண்டு. அதிலும் தூரத்தின் கணக்கைப் பார்த்தே பேசவேண்டும். பூமத்திய ரேகைக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீற்றர் உயரத்தில், பூமியோடு ஒத்துச் சுழலும் செய்மதிகளால் உலகமெங்கும் செய்தி பரப்பலாம் என்று 1945ஆம் ஆண்டில் எழுதிக்காட்டியவர் ஆதர் சி. கிளார்க். அவரே 1956ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்து குடியேறி, நமது சுவாமி மலையின் அடியிற் கடலுள் மூழ்கி, போர்த்துக்கேயர் பதினேழாம் நூற்றாண்டில் இடித்த கோணேசர் கோயிலின் சிதைவுகளைக் கண்டவர் என்பது நமக்குப் பெருமை. ஆயினும், அவர் கூறிய உயரத்துச் செய்மதி வழியே ஒரு கேள்வி சென்று பதில் வருவதாயின், நான்கு முறை அந்த உயரத்தைக் கடக்கவேண்டும். அதற்கே ஏறத்தாழ அரைச் செக்கன் ஆகும். ஒலிபரப்புக்கு அது பொருட்டன்று; விரைவான ஆட்டத்துக்கு அது உதவாது. 2025ஆம் ஆண்டில் இலங்கையிற் சேவை தொடங்கிய ஸ்ரார்லிங்க் செய்மதிகளோ ஏறத்தாழ 550 கிலோமீற்றர் உயரத்திலேயே சுழல்கின்றன. ஆகவே அவற்றின் ஏற்ற இறக்கத்துக்கு ஏழெட்டு மில்லிசெக்கன் போதும். எஞ்சிய சுணக்கம் நிலத்து நிலையத்தையும் வரிசையையும் பொறுத்தது. செய்மதி என்ற ஒரே பெயரைக் கேட்டு இரண்டையும் ஒன்றென எண்ணற்க.

அவ்வாறாயின், நம் வீட்டில் எந்தக் காரணம் என்று எங்ஙனம் அறிவது? வழி எளிது, காசும் வேண்டியதில்லை. கணினியிலோ தொலைபேசியிலோ பிங் நிரலைக் கொண்டு, முதலில் நம் வீட்டு ரவுட்டரையே கூப்பிட்டுப் பாருங்கள். மறுகுரல் ஓரிரு மில்லிசெக்கனில், பெரும்பாலும் பத்துக்குள், ஒரே சீராக வரவேண்டும். அங்கேயே ஐம்பதும் நூறுமாக ஏறி இறங்குமாயின், நோய் வீட்டுக்குள், காற்றில் இருக்கின்றது; நிறுவனத்தோடு சண்டையிடுவது வீண். அது நன்றாயின், கொழும்பிலுள்ள ஒரு சேவையகத்தைக் கூப்பிடுங்கள். தூரத்துக்கு மூன்று மில்லிசெக்கனே உரியது. கோபுரத்துக்கும் கருவிகளுக்கும் மேலும் சில பத்து விட்டுக்கொடுக்கலாம். அதற்கு மேற்பட்டது ஊருக்கும் தலைநகருக்கும் இடையிலுள்ள வரிசை. பின்னர் சிங்கப்பூரையோ மும்பாயையோ கூப்பிடுங்கள். இம்மூன்று அளவையும் அதிகாலை ஐந்து மணிக்கு ஒருமுறை, இரவு எட்டு மணிக்கு ஒருமுறை எடுத்து ஒரு கொப்பியிற் குறியுங்கள். இரு வேளையிலும் ஒன்றாயிருந்தால், காரணம் தூரமும் வழியும். காலையிற் குறைந்தும் இரவிற் கூடியும் இருந்தால், காரணம் வரிசை. ஒரு கிழமைக் குறிப்பு உங்கள் கையிலிருந்தால், நிறுவனத்தோடு பேசும்போது உங்கள் சொல்லுக்கு நிறையுண்டு. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு விஞ்ஞானச் செய்முறையாக இதைவிட இனியது ஒன்றை நான் கண்டதில்லை. ஆட்டத்தில் அவனுக்குள்ள ஆர்வமே அவனை அளக்கச் செய்யும்.

இனி, பாடசாலையிலுள்ளவன் என்ற முறையில் ஒன்று கூறவேண்டும். மனிதன் கண்ணாற் கண்டு கையால் இயங்கவே ஏறத்தாழ 200 முதல் 250 மில்லிசெக்கன் ஆகின்றது. இயற்கை தந்த அச்சிறு பொழுதின்மேல், இணையம் இன்னொரு முந்நூறோ நானூறோ ஏற்றிவிட்டால், எதிர்ப்புறத்திலிருந்து பார்ப்பவருக்கு நம் பிள்ளை மந்தமானவனாகத் தோன்றுவான். விளையாட்டில் அதனால் இழப்பது ஓர் ஆட்டம். ஆனால் இணையவழி நேர்முகத் தேர்விலோ? கேள்வி முடிந்த பின் ஒரு செக்கன் மௌனம். பிள்ளை பேசத் தொடங்கும் வேளையில், விடை தெரியாதென்று கருதித் தேர்வாளர் அடுத்த கேள்விக்குச் சென்றுவிடுகின்றார். இருவர் குரலும் மோதுகின்றன. பிள்ளை நாணி அடங்கிவிடுகின்றான். அவனுக்கு விடை தெரியும். வரிசையில் அகப்பட்டது அவன் குரல். ஆகவே, தூரத்துப் பிள்ளையைத் திரைவழியே வினாவும் ஆசிரியரும் அதிகாரியும், வினா முடிந்தபின் மனத்துக்குள் மூன்று எண்ணும்வரை காத்திருப்பதை ஒரு நியதியாகக் கொள்ளவேண்டும். அதற்கு வடமும் வேண்டாம், செய்மதியும் வேண்டாம்; பொறுமை ஒன்றே போதும்.

பொறுமையோடு நில்லாது, கேட்கவேண்டியதைக் கேட்கவும் வேண்டும். நம் மாவட்டத்துக்கும் தலைநகருக்கும் இடையே நிலம் வைத்த சுணக்கம் மூன்று மில்லிசெக்கன் மட்டுமே என்று கண்டோம். எஞ்சியது கோபுரம் போதாமையாலும், நார் வீடுவரை வந்து சேராமையாலும், வழி நேராக அமையாமையாலும், வீட்டு ஏற்பாட்டின் குறையாலும் வந்தது. இவையெல்லாம் மனிதர் செய்தவை. ஆதலால் மனிதராற் செப்பனிடக் கூடியவை. கிண்ணியா நீர்த்துறையின் அகலம் குறையவில்லை. பாலம் வந்தது, வரிசை மறைந்தது. நிறுவனங்களிடம் எத்தனை மெகாபிற் என்று மட்டும் கேளாமல், இரவு எட்டு மணிக்கு எத்தனை மில்லிசெக்கன் என்றும் கேட்கப் பழகுவோம். தூரம் என்ற சொல்லை எல்லாக் குறைக்கும் போர்வையாக்க நாம் இடங்கொடுத்தலாகாது.

பெற்றோரே, அடுத்த முறை உங்கள் பிள்ளை கூடம் கோணல் என்று முறையிட்டால், பழமொழியைச் சொல்வதற்கு முன் ஒருமுறை அளந்து பாருங்கள். கோணலென்று கண்டால் எந்தக் கோணல் என்று கண்டு, நம்மாற் கூடியதை நிமிர்த்துங்கள். பிள்ளைகளே, நீங்களும் கேளுங்கள். ரவுட்டர் சீராயிருக்கின்றது, பிங் முப்பதிலும் நாற்பதிலும் நிற்கின்றது, ஆயினும் தோற்றுக்கொண்டேயிருக்கின்றீர்கள் என்றால், கூடத்தின்மேற் குறையில்லை. அப்போது அப்பா சொன்ன பழமொழி சரியே, ஆட்டத்தைப் பழகுங்கள்.